கொஹிமா மலைக்குக் கான் வெட்டிய கதை

போன டிசம்பர் லீவில் நானும் மச்சானும் வடகிழக்கு இந்தியாவில் நடந்த கொஹிமா சண்டையைப் பொம்மைப் படைகள் வைத்து மேசையில் ஆடுவோம் என்று தொடங்கினோம். இரண்டாம் உலகப் போர்க் காலம், 1944இல் அங்கே துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பானியர், நடுவால் கைக்குண்டு எறிந்து சண்டை பிடித்த இடம். எங்களுடையது 1/72 பொம்மைகள், அதாவது உண்மையான அளவில் 72இல் ஒரு பங்கு. கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், 72ஆல் வகுத்தால் 33 சென்டிமீட்டர், ஒரு அடிமட்டத்தை விடக் கொஞ்சம்தான் கூட. அதைப் பென்சிலால் கீறி இரண்டு பக்கமும் பொம்மைகளை வைத்தபோதுதான் அந்த ஆட்கள் எவ்வளவு கிட்ட இருந்து செத்தார்கள் என்று விளங்கியது.

மலையை ரெஜிபோமில் (பெட்டிகளில் வரும் வெள்ளை நுரைத்தகட்டில்) வெட்டி, பைண்டர் கம் பூசி, தட்டுத் தட்டாக ஒட்டினேன். காய்ந்ததும் அவசரப்பட்டு ஸ்பிறே பெயின்ட் அடித்துவிட்டேன். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும் என்று அப்போது தெரியாது, மேல்தட்டு முழுக்கச் சளசளவென்று உருகிக் குழி குழியாகப் போனது. அழுகை வராத குறை. இப்போது பைண்டர் கம்மில் கறுப்பு பெயின்டும் சலித்த மணலும் கலந்து தூரிகையால் இரண்டு தரம் பூசி, ஒரு ஊசிமுனை வெள்ளைகூடத் தெரியாத பிறகுதான் மற்ற வேலை.

மரங்களுக்குத் தும்பு, காட்டுத் தரைக்குத் தேயிலைச் சக்கை. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொடியும் உதிர்ந்த சருகு மாதிரி இவ்வளவு வடிவாக இருக்காது. ஆனால் எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்குக் கிட்ட. வெயிலில் மட்டும் காயவைத்த சக்கையில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்தது. அப்புறம் சட்டியில் போட்டு, மொறுமொறுவென்று வரும்வரை மெல்லிய நெருப்பில் வறுத்தேன்.

இதற்குள் ஹாட்வெயார் கடையிலிருந்து பலகை கொண்டுவந்த அண்ணா ஒருவர் மேசையைப் பார்த்துவிட்டு நின்றார். மலைநாட்டில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "தம்பி, இது மழைக்கு நிக்காது. தண்ணி எங்க போகும்? கான் வெட்டலியே" என்றார். கான் என்றால் மழைத்தண்ணி ஓடும் வாய்க்கால். பிறகு சரிவுக்குக் குறுக்கே, லேசாகச் சாய்த்து, விரலால் கோடு இழுத்துக் காட்டினார், தட்டுகளின் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கக்கூடாது, மண் சரிந்து அடியில் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் படம் பார்த்துச் செய்த மலை, அவர் நடந்து பழகிய மலை. அன்றிரவே ஓரங்களை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உடைத்தேன், கான்களைப் பேனாக்கத்தியால் கீறினேன். மலைக்கு உயிர் வந்தது அதற்குப் பிறகுதான்.

கடைசியாகச் செய்தது கழற்றி மாட்டக்கூடிய ஒரு சரிவு. மே 13இல் ஒரு லீ டாங்கியை அந்த கோர்ட்டுக்குள் இறக்கிய பிறகுதான் ஜப்பானியரின் பங்கர்கள் விழுந்தன. எங்கள் அளவில் டாங்கியின் அகலம் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் பாதையை 5 சென்டிமீட்டரில் வெட்டினேன். ஆட்டத்தின் முதல் சில சுற்றுகளுக்கு அந்த இடத்தில் செங்குத்தான மண்மேடுதான் இருக்கும், டாங்கி வரும் சுற்றில் அதைத் தூக்கிவிட்டு இதை வைப்போம். மச்சான் அதில் டாங்கியை மெல்ல உருட்டிப் பார்த்தான், இரண்டு பக்கமும் அரை விரல் இடம் கூட இல்லை, ஆனாலும் இறங்கியது.