குத்த வச்சு உக்காந்திருக்கறது யாரு?

ரவி: ஸ்டேடியத்துலேர்ந்து போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. சியாட்டில் மாரினர்ஸ் டீமோட பேஸ்பால் மேட்ச்

பெரியப்பா: பாத்தேன்டா. பேட் புடிச்சவன் பின்னாடி முகமூடி, நெஞ்சுல கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டு ஒருத்தன் குத்த வச்சு உக்காந்திருக்கானே, கீப்பரா?

ரவி: கேட்சர் பெரியப்பா. பேரு கேல் ராலி. கீப்பர் மாதிரிதான், ஆனா அடுத்த பால் என்ன போடணும்னே இவர்தான் சொல்லுவாரு

பெரியப்பா: தோனியும்தான் ஸ்டம்ப்புக்கு பின்னாடிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருப்பாரு

ரவி: ஒவ்வொரு பாலுக்கும் சொல்லணும் இங்க. முன்னாடி ரெண்டு தொடைக்கு நடுவுல விரல் காட்டுவாங்க, ஒண்ணுன்னா ஃபாஸ்ட்பால் ரெண்டுன்னா வளைஞ்சு வர்ற கர்வ் அந்த மாதிரி, புடிக்கலன்னா பிட்சர், அதான் பால் போடறவரு, தலைய ஆட்டுவாரு, வேற விரல் காட்டணும். பிட்சருக்கு பின்னாடி செகண்ட் பேஸ்ல நிக்கிற பேட்டிங் டீம் ரன்னர் அத பாத்து பேட்டருக்கு சைகை பண்ணிடறான்னு 2022ல பிட்ச்காம்னு ஒரு மெஷின் வந்துச்சு, கேட்சர் பட்டன அமுக்கினா பிட்சர் தொப்பிக்குள்ள குரல் கேக்கும்

சித்தி: நம்ம அக்கா மாதிரி. உக்காந்த எடத்துலேர்ந்தே வீட்ட ஓட்டறது 😂

பெரியம்மா: நானும் குரூப்லதான் இருக்கேன்

பெரியம்மா: அவ்ளோ நேரம் குத்த வச்சா முட்டி என்னத்துக்குடா ஆகும். அரிசி பொடைக்க அஞ்சு நிமிஷம் உக்காந்தாலே நான் செவுத்த புடிச்சுதான் எந்திரிக்கிறேன்

ரவி: அதான் பெரியம்மா ஆச்சரியமே. அப்படி உக்காந்து எந்திரிச்சுக்கிட்டே 2025ல 60 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சாரு. அதுக்கு முன்னாடி கேட்சருங்கள்ல சால்வடோர் பெரெஸ் 2021ல அடிச்ச 48தான் அதிகம். அந்த 2025லயே ராலி ஹோம் ரன் டெர்பின்னு ஹோம் ரன் அடிக்கிற போட்டியும் ஜெயிச்சாரு, பால் போட்டது அவங்கப்பா, பின்னாடி உக்காந்து புடிச்சது 15 வயசு தம்பி. ஆனா எம்விபி, அதான் சிறந்த வீரர் விருது, ஆரன் ஜட்ஜுன்னு இன்னொரு பேட்டருக்கு போயிடுச்சு, எனக்கு இன்னும் ஆறல

சித்தி: குடும்பத் தொழில்

ரவி: இன்னொண்ணு, நேர்ல பாத்தாதான் புரியும். பந்து ஓரத்துல வரும், புடிக்கிற அதே நேரத்துல கிளவுஸ லேசா உள்ள தள்ளி அப்படியே ஆடாம அசையாம வச்சிருப்பாரு. அம்பயர் ஸ்ட்ரைக், அதாவது பந்து சரியான எடத்துல வந்துச்சுன்னுடுவாரு

பெரியப்பா: இது ஏமாத்து வேலைடா

ரவி: ஃப்ரேமிங்னு பேரு பெரியப்பா, அத நல்லா செய்யறவங்களுக்கு தனி மவுசு. இப்ப 2026லேர்ந்து நம்ம கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரி அம்பயர் முடிவ எதிர்த்து கேக்கற முறை வந்திருக்கு, டீமுக்கு ரெண்டு. பேட்டர், பிட்சர், கேட்சர் மூணு பேருதான் கேக்கலாம், தலைய தட்டினா போதும். கோச்செல்லாம் கேக்க முடியாது

பெரியம்மா: ஓடி வரவன் மேல வந்து விழ மாட்டானா

ரவி: விழுந்திருக்காங்க. 2011ல சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போஸிக்கு அப்படித்தான் கால் ஒடைஞ்சு அந்த சீசனே போச்சு. 2014லேர்ந்து வேணும்னு போய் மோதக்கூடாதுன்னு ரூல்

பெரியம்மா: ஒடைஞ்சப்புறம்தான் ரூலு

*

பெரியம்மா: டேய் ரவி, உங்க பெரியப்பா ஹால்ல குத்த வச்சுக்கிட்டு என்னை எலுமிச்சம்பழத்த வீசச் சொல்றாரு

பெரியப்பா: எங்க வீசணும்னு நான் விரல் காட்டறேன். இவ தலைய ஆட்டறா

சித்தி: போட்டோ ப்ளீஸ் 😂😂

பெரியம்மா: மொதல்ல தூக்கி விடறேன்