மறுமொழி: நீரிழிவில் இதய நரம்புப் பாதிப்புக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள அண்ணாவுக்கும் ஏனையோருக்கும் வணக்கம்.

நீண்டகால நீரிழிவால் இதயத்தை இயக்கும் நரம்புகள் பழுதடைவதற்கு 'இதய நரம்பியல் நோய்' என்ற சொல்லைத் தாங்கள் முன்வைத்திருந்தீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக் கிளினிக் ஒன்றில் பல ஆண்டுகள் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்தவள் என்ற முறையில் எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. 'இயல்' என்பது ஒரு கல்வித்துறையின் பெயராதலால் அதனை நீக்குவதில் எவருக்கும் தயக்கமிராது. எனக்குத் தடையாக நிற்பது 'நோய்' என்ற பகுதியே.

வன்னியில் 'நோ' என்றால் வலி. கால் நோ, வயிற்று நோ, நெஞ்சு நோ என்றே சனங்கள் சொல்வார்கள். நாம் பெயரிட முனையும் இந்தப் பாதிப்பின் கொடுமையோ, வரவேண்டிய நோ வராமற் போவதுதான். இதயத்தின் வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளும் பழுதடைவதால், மாரடைப்பே வந்தாலும் சிலருக்கு நெஞ்சு நோவதில்லை. இளைப்பு, வியர்வை, சத்தி (வாந்தி), காரணம் தெரியாத களைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டுமே தோன்றும். முத்தையன்கட்டுப் பக்கத்து வயோதிப விவசாயி ஒருவர், வரம்பில் ஏறிய முள் காலில் இருப்பதே தெரியாமல் இரண்டு நாட்கள் நடந்தவர், பின்னொரு நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டிச் சத்தியும் எடுத்தபோது வாய்வு என்றெண்ணி மாலைவரை வீட்டிலேயே படுத்திருந்தார். “நெஞ்சு நோகேல்லை எண்டுதானே நாங்கள் பேசாமல் இருந்தனாங்கள்” என்று அவருடைய மனைவி பின்னர் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த அம்மாவிடம் 'நோய்' என்று முடியும் ஒரு பெயரைச் சொன்னால், இல்லாத நோவையே அவர் தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே 'இதய நரம்பு நலிவு' என்பதை முன்மொழிகிறேன். வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரக்காரர் கையில் பொருள் கெட்டுவிட்டது. 'சிதைவு' என்றால் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நோயாளர் மருந்தைக் கைவிடக்கூடும். நலிவு படிப்படியாக நிகழ்வது. நலிகிறது, நலிந்துவருகிறது, நலிந்துவிட்டது என்று அந்த வினைச்சொல்லைக் கொண்டே அதன் கட்டங்களையும் சொல்லலாம். பாதிப்பு நடக்கும் விதமும் அதுவே. நீளமான நரம்புகளே பெரும்பாலும் முதலில் பழுதடைவதால் பாதத்தில் விறைப்புத் தொடங்குகிறது. அதேபோல் இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் பத்தாம் மண்டையோட்டு நரம்பும் முற்பட நலிவதால், ஓய்வாக இருக்கும்போதே நாடி விரைகிறது. பின்னர் எழும்பி நிற்கையில் குருதியமுக்கம் விழுகிறது: நின்று மூன்று நிமிடங்களுக்குள் மேலமுக்கம் 20 அல்லது கீழமுக்கம் 10 அலகு குறைந்தால் அது கவனிக்கவேண்டிய வீழ்ச்சி. முதலாம் வகை நீரிழிவுள்ளோரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான பெரிய ஆய்வு, குருதிச் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று காட்டியது. முற்றிய நலிவு மீள்வது அரிது. தொடக்கத்திலுள்ள நலிவைத் தாமதப்படுத்தலாம். இரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல் வேண்டும்.

நம் எண்ணமின்றித் தாமே இயங்கும் நரம்புகள் இவை என்பது புலப்பட, மருத்துவ நூல்களுக்கு 'இதயத் தன்னாட்சி நரம்பு நலிவு' என்று விரித்தெழுதலாம். தமிழகத்து நண்பர் 'தானியங்கு' என்கிறார். ஆயினும் எங்கள் பாடநூல்களில் தன்னாட்சி நரம்புத்தொகுதி என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள். தன்னாட்சி இந்த மண்ணில் வேறு பொருளிலும் கனத்த சொல்லாதலால், கிளினிக்கில் அதனை விட்டுவிட்டுச் சுருக்கப் பெயரைச் சொல்வதே நன்று.

'மௌன மாரடைப்பு' என்பதற்கு 'நோவில்லா மாரடைப்பு' போதும். கேட்டவுடன் விளங்கும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் உங்கள் உதவி தேவை. நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சுவிடச் செய்து நாடியை அளந்தால், நலமானவருக்கு உள்மூச்சில் துடிப்பு விரைந்து வெளிமூச்சில் தணியும். நரம்பு நலிந்தவருக்கு அந்த வேறுபாடு சுருங்கிவிடும். இதனைத் 'துடிப்பு மாறுபாடு' என்றால், மாறுபாடு இருப்பதே குறையென்று நோயாளர் எண்ணுவர். உண்மையில் அது இல்லாமையே குறை. 'துடிப்பு நெகிழ்வு' என்று நான் எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.