மனைவி பெயரை பைபாயின் எழுத்தில் பச்சை குத்தலாமா? மூன்று விதமாக வருகிறது, எது சரி?

பாலைவனத்தான்:
வணக்கம் நண்பர்களே. என் மனைவி பிலிப்பைன்ஸ்காரர், சொந்த ஊர் பத்தாங்காஸ். கல்யாண நாளுக்கு அவர் பெயரை, கார்மென் என்று, அவர்கள் பழைய எழுத்தான பைபாயினில் முன்கையில் குத்திக்கொள்ள ஆசை. இணையத்தில் தட்டிப் பார்த்தால் ஒரு தளம் இரண்டே எழுத்து காட்டுகிறது, இன்னொன்று நான்கு எழுத்து போட்டு அதில் இரண்டின் கீழே கூட்டல் குறி வைக்கிறது, வேறொன்றில் ஆறு எழுத்து. மனைவியிடம் கேட்டால் "பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள், மறந்துபோச்சு" என்கிறார். இங்கே துபாயில் டாட்டூ போடுகிறவர் சுற்றிலும் அந்த நாட்டு மலைமக்களான கலிங்காக்களின் பூரான் டிசைன் ஒன்று போட்டால் 'முழு பிலிப்பைன்ஸ் லுக்' வரும் என்கிறார். போடலாமா? ஒரு தமிழன் இதைப் போட்டுக்கொண்டு திரிந்தால் அந்த ஊர்க்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

ஏட்டுப்பூச்சி:
ஆறு எழுத்து வந்ததை முதலில் தூக்கிப் போடுங்கள். அது ஆங்கில ஸ்பெல்லிங்கை ஒவ்வொரு எழுத்தாக ஃபான்ட்டில் தட்டியது. பைபாயினில் மெய் தனியாக நிற்காது, நம் 'க' மாதிரி ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் 'அ' இருக்கிறது. அதனால் அந்த ஆறையும் படித்தால் 'க-அ-ர-ம-எ-ந' என்று திக்கும். மொத்தம் 17 எழுத்துதான்: உயிர் 3, மெய் 14. மேலே ஒரு புள்ளி (குட்லித் என்பார்கள்) வைத்தால் இ அல்லது எ, கீழே வைத்தால் உ அல்லது ஒ. இ-க்கும் எ-க்கும் வித்தியாசம் கிடையாது, உ-வுக்கும் ஒ-வுக்கும் அப்படியே.

இப்போது இரண்டு எழுத்து விஷயம். பழைய முறையில் அசையின் கடைசியில் வரும் மெய்யை எழுதவே மாட்டார்கள், படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். 1593-இல் மணிலாவில் அச்சான தொக்த்ரினா கிறிஸ்தியானா என்ற ஞான உபதேசப் புத்தகத்திலும் அப்படித்தான். கார்மெனில் ர், ன் இரண்டும் போய்விடும், மிஞ்சுவது க, மெ. அதைத் தகலோக் மொழி பேசுகிற ஒருவர் 'கமி' என்று படிப்பார். 'நாங்கள்' என்று அர்த்தம். அதிலும் கேட்கிறவரைச் சேர்க்காத நாங்கள்! நம்மைப் போல அவர்களுக்கும் நாம், நாங்கள் இரண்டும் தனித்தனி. மனைவி பெயர் என்று குத்தி, அவரிடமே காட்டி, அவரை மட்டும் வெளியே நிறுத்திய மாதிரி ஆகிவிடும் :)

கல்வெட்டுக்கிறுக்கன்:
மேலே சொன்னது சரி. அந்தக் கூட்டல் குறியின் கதை இது: பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற ஸ்பானிய பாதிரியார் இலோக்கானோ மொழியில் ஞான உபதேச நூல் அச்சடிக்கும்போது, மெய்யில் முடிகிற சொற்களை எழுத வழி இல்லாமல் 1620 வாக்கில் சிலுவை வடிவக் குறி ஒன்றை எழுத்தின் கீழே வைத்தார். வேலையில் நம் புள்ளியேதான். உள்ளூர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கு எழுதுகிறவர்கள்தான் நிறையப் பயன்படுத்துகிறார்கள். நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், எ-ஏ, ஒ-ஓ குழப்பமும் இருந்தது, அதைத் திருத்தியதில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியாருக்கு, வீரமாமுனிவருக்கு, பங்கு உண்டு.

ஆகவே நான்கு எழுத்துதான் உங்களுக்கு. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பைபாயினில் ட-வுக்கும் ர-வுக்கும் ஒரே எழுத்து. அதைப் போட்டால் 'கட்மென்' என்றும் படிக்கலாம். ர-வுக்குத் தனி வடிவம் இப்போது உண்டு, யூனிகோடிலேயே 2021-இல் சேர்த்துவிட்டார்கள். பழமையே வேண்டும் என்றால் பொது எழுத்து, சந்தேகமில்லாமல் படிக்க வேண்டும் என்றால் புது ர. என் ஓட்டு புது ர-வுக்கு, ஏனென்றால் சிலுவைக் குறியை ஏற்றுக்கொண்ட பிறகு பாதி வழியில் நின்று பழமை பேசுவதில் அர்த்தமில்லை.

கொர்தில்யெரா_பஸ்:
பூரானை விட்டுவிடுங்கள். பத்தாங்காஸ் லூசோன் தீவின் தெற்கே, தகலோக் நாடு. கலிங்கா வடக்கே கொர்தில்யெரா மலையில், வேறு மக்கள், வேறு மொழி. அவர்களுடைய 'பத்தோக்' பச்சையில் எழுத்தே கிடையாது: பூரான், பெரணி இலை, பாம்புச் செதில் இப்படி உருவங்கள்தான். ஆண்களின் மார்புப் பச்சை ஒரு காலத்தில் எதிரியின் தலை கொய்து வந்த வீரனுக்கு மட்டும். அதையும் தகலோக் எழுத்தையும் ஒரே கையில் ஒட்டுவதற்குப் பெயர் பிலிப்பைன்ஸ் லுக் இல்லை, கேட்லாக் லுக்.

உண்மையிலேயே ஆசை என்றால் புஸ்கலான் கிராமத்துக்குப் போங்கள். 1917-இல் பிறந்த வாங்-ஓத் பாட்டி ஊர் அது, 2023 ஏப்ரல் வோக் பிலிப்பைன்ஸ் அட்டையில் 106 வயதில் வந்தாரே, அவர்தான். முள்ளைக் குச்சியில் செருகி, கரியைக் குழைத்துத் தொட்டு, இன்னொரு குச்சியால் தட்டித் தட்டிப் போடுவார்கள். பாட்டி இப்போது பெரும்பாலும் மூன்று புள்ளி மட்டும் வைக்கிறார், மற்றதை அவர் சொல்லிக்கொடுத்த பேத்தி முறைப் பெண்கள் போடுகிறார்கள். வருகிறவர்களுக்குப் பூரானும் போட்டுத் தருகிறார்கள், ஆக வெளியாள் போடவே கூடாது என்றில்லை. ஆனால் காசு அந்த ஊருக்குப் போகிறது, எதைப் போடலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். துபாயில் ஒருவர் கூகுளில் பார்த்து வரைவது வேறு.

சும்மா_ஒரு_ஆள்:
எல்லாரும் ரொம்ப பயமுறுத்துகிறீர்கள். என் ஆபீஸில் நிறைய பிலிப்பினோக்கள், ஒருத்தருக்கும் பைபாயின் படிக்க வராது. ரூபாய் நோட்டு மாதிரி அவர்கள் பெசோ நோட்டில் 'பிலிப்பினோ' என்று அந்த எழுத்தில் இருக்கிறது, பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது, தினமும் பார்த்தும் யாரும் படிப்பதில்லை. யார் கோபப்படப் போகிறார்கள்? சந்தோஷம்தான் படுவார்கள். போடுங்க ப்ரோ.

கொர்தில்யெரா_பஸ்:
கோபம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. மனைவி பெயர், அவர் வீட்டு எழுத்து, இதில் யாருக்கு என்ன கோபம் வரும். ஆனால் படிக்க ஆளே இல்லை என்பது தப்பு. 2018-இல் பைபாயினைத் தேசிய எழுத்தாக்கும் மசோதா நாடாளுமன்றக் குழுவரை போனது, இளைஞர்கள் ஆசையாகக் கற்கிறார்கள், அமெரிக்காவில் பிறந்த பிலிப்பினோ பிள்ளைகள் இதையே அடையாளமாகக் குத்திக்கொள்கிறார்கள். முகநூலில் படம் போட்டதும் முதல் கமென்டே எழுத்துப்பிழை பற்றித்தான் வரும்.

பாலைவனத்தான்:
எல்லாருக்கும் நன்றி. 'கமி' கதையை மனைவியிடம் சொன்னேன், இரண்டு நாளாக அதையே சொல்லிக் கிண்டல் செய்கிறார். நான்கு எழுத்து, புது ர, பூரான் இல்லை என்று முடிவு. அந்தக் குறி சிலுவை மாதிரியே தெரிகிறதே, அதற்கு மாற்று உண்டா?

கல்வெட்டுக்கிறுக்கன்:
உண்டு. மிந்தோரோ தீவில் ஹனுனோ மங்யான் மக்கள் தங்கள் எழுத்தை இன்றும் மூங்கிலில் கீறுகிறார்கள். அங்கே வாழ்ந்த அந்தூன் போஸ்த்மா என்ற டச்சு பாதிரியார் அவர்கள் எழுத்துக்கு 'பமுத்போத்' என்ற குறியைக் கொண்டுவந்தார் (மறுபடியும் பாதிரியார்தான், என்ன செய்வது). சிலர் அதை பைபாயினிலும் வைக்கிறார்கள். உங்கள் மனைவி கத்தோலிக்கர் என்றால் சிலுவையே பிடிக்கலாம், அவரைக் கேளுங்கள்.

ஸ்டென்சில் ஒட்டும்போது தலைகீழாகப் போகாமல் பாருங்கள், இந்த எழுத்து தெரியாதவருக்கு எது மேல், எது கீழ் என்றே பிடிபடாது. 'மெ'-க்கு மேலே உள்ள புள்ளியை எழுத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கொஞ்சம் பெரிதாகவே வைக்கச் சொல்லுங்கள். மை வருஷம் போகப் போகப் பரவும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் அது 'ம' ஆகிவிடும். குத்துவதற்கு முன் படத்தை, பெயரைச் சொல்லாமல், எழுத்து தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.