ரசிகர் குழுக்களில் நம் பிள்ளைகள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வானதி, திருச்சி:

பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவுக்காக இன்ஸ்டாகிராமில் நான் நடத்தும் ரசிகர் பக்கத்தில் போன வாரம் ஒரு சின்னப் பெண் கமெண்ட் போட்டிருந்தாள். பெயர், 13 வயது, எந்தப் பள்ளி, மாலையில் எந்தத் தெருவில் டியூஷன், எல்லாம் அதில் இருந்தது. கூடவே ஊதா இதயம் மூன்று. உடனே அதை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று சொல்ல என் சொந்தக் கணக்கிலிருந்து தனிச்செய்தி அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. அவள் என்னைப் பின்தொடரவில்லை, நானோ பெரியவள். அதனால் அனுப்ப முடியாது என்று வந்தது. எனக்கு ஒரு பெருமூச்சே வந்துவிட்டது. நல்லவளான என்னையே தடுக்கிறது என்றால் மற்றவனையும் தடுக்கும்.

2007-ல் எனக்கு 15 வயது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தின் காலம். தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, ஒரு நடிகரின் ரசிகர் குழுவில் போய் உட்காருவேன். அங்கே பழக்கமான ஒருவர், அந்த நடிகரின் மேனேஜரைத் தனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்ட படம் வாங்கித் தருகிறேன் என்றார். முகவரியும் வீட்டு லேண்ட்லைன் எண்ணும் கொடுத்தேன். அப்புறம் என் படம் கேட்டார். கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போன் செய்தார், எடுத்தது அப்பா.

அந்த ஆளை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் அடி. இரண்டு வருடம் பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது, இனி எது நடந்தாலும் வீட்டில் மூச்சு விடக்கூடாது என்பதுதான்.

இன்ஸ்டாகிராமில் 2021-லிருந்து இந்தத் தடுப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்கென்றே தனிக் கணக்கு அறிவித்தார்கள். அதில் 16-க்குக் கீழே இருப்பவர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டில் சொல்ல பயப்படும் பிள்ளை 2007-ல் இருந்தது போலவே இன்றும் இருக்கிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். ஊர், பெயர் மாற்றிக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒரு மதுரை அம்மா:

வானதி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் மகளுக்கு 14 வயது. போட்டோகார்டு சேர்ப்பாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொரியப் பாட்டு ஆல்பத்துக்குள் ஏடிஎம் கார்டு அளவில் பாடகரின் படம் ஒன்று வரும். எந்தப் பாடகர் வருவார் என்பது பிரித்தால்தான் தெரியும். அதனால் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள், விற்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து கொரியாவிலிருந்து வரவழைப்பார்கள். இதில் முகவரி, போன் எண், பணம் எல்லாமே கைமாறுகிறது. பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது.

22 வயது அக்கா என்று ஒரு கணக்கு. நம்பிக்கைக்காக என்று சொல்லி, ஆதார் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறது. இவளும் அனுப்பிவிட்டாள். அடுத்து வேறு ஒரு செயலிக்கு வரச் சொன்னது. அங்கே போனபின் கேட்டது வேறு மாதிரிப் படங்கள். தராவிட்டால் ஆதார் படத்தை எல்லா இடத்திலும் போடுவேன் என்று மிரட்டல். அது அக்காவே இல்லை.

11 நாள் எங்களிடம் சொல்லவில்லை. போனை எப்போதும் குப்புற வைத்திருந்தாள். தோசை தட்டிலேயே காய்ந்து கிடக்கும். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் தலையை மட்டும் தடவிக் கொடுத்தேன். அப்போதுதான் அழுதாள். சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்கன்னு நினைச்சேன்மா என்றாள்.

எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், நாங்கள் பெயரோடே கொடுத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098-லும் பேசினோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் என்றால் நேரில் தொட்டால்தான் என்று நினைத்திருந்தேன். தப்பான எண்ணத்தோடு ஆன்லைனில் விடாமல் துரத்துவதும் 2012-ம் வருடச் சட்டத்திலேயே குற்றம்தான். போன் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. பிடுங்கவில்லை.

கரூர் ஆசிரியை:

எங்கள் மாவட்டத்திலிருந்து 2024 ஜனவரியில் 13 வயதுச் சிறுமிகள் மூன்று பேர் பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கிளம்பியது செய்தியில் வந்ததே, நினைவிருக்கிறதா? சென்னை, விசாகப்பட்டினம், அங்கிருந்து கப்பலில் கொரியா என்பது திட்டம். கடைசியில் காட்பாடி ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். ஊரே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. நடு வழியில் யார் கண்ணிலாவது பட்டு, அண்ணன் கூட்டிப் போகிறேன் வா என்று ஒருவன் சொல்லியிருந்தால்? அந்த வாரம் வகுப்பில் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பாஸ்போர்ட், விசா என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தேன். கேள்விகள் வந்தபடியே இருந்தன. இத்தனை நாள் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்விகள்.

நிலா, 19 வயது:

நான் ரசிகர்கள் கூடிப் பேசும் ஒரு சாட் சர்வரில் மாடரேட்டர், அதாவது அந்தக் குழுவைக் கண்காணிப்பவள். வானதி அக்கா சொன்ன தடுப்பு வந்தபோது எனக்கு 15 வயதுதான். ஆனால் அது எனக்கு வேலை செய்யவில்லை. கணக்கு தொடங்கும்போது 2000-ல் பிறந்ததாகப் போட்டிருந்தேன், அதனால் செயலியின் கணக்கில் நான் பெரியவள். என் தோழிகள் எல்லோரும் இப்படித்தான் போட்டிருந்தார்கள்.

இன்னொன்று. இப்போது நிறையப் பிள்ளைகள் பயோவில், அதாவது கணக்கின் அறிமுக வரியில், வயதையும் மைனர் என்பதையும் எழுதிவைக்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து விலகிப் போகட்டும் என்றுதான். நல்லவர்கள் விலகுகிறார்கள். கெட்டவர்களுக்கு அது முகவரிப் பலகை. எங்கள் சர்வரில் அதை எடுக்கச் சொல்லிவிட்டோம். பெரியவர்களுக்கான அறை தனி. சின்னவர்களிடம் மாடரேட்டர் பேசினாலும் இன்னொரு மாடரேட்டர் கூட இருக்க வேண்டும், எனக்கும் அதே விதிதான். வேற ஆப்புக்கு வா என்று யாராவது சொன்னால் ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது, நேராக வெளியே.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16-க்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றாகிவிட்டது. இங்கேயும் அப்படி வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளியில் ஒருத்தியும் என்னோடு பேசாதபோது, தினமும் சாப்டியா என்று கேட்டது இந்தக் குழுதான்.

வானதி, திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. மதுரை அம்மா, உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அந்தச் சின்னப் பெண் நேற்று அவளாகவே எழுதினாள். அக்கா, என் கமெண்ட்டை ஏன் எடுத்தீங்க? சொன்னேன். பள்ளிப் பெயர், தெருப் பெயர் வேண்டாம், பிடித்த பாட்டை மட்டும் எழுது என்றேன். இதை அம்மாகிட்ட காட்டலாமா என்றாள். கண்டிப்பாகக் காட்டு என்றேன். அரை மணி நேரத்தில் அவள் கணக்கிலிருந்தே ஒரு வாய்ஸ் மெசேஜ், அவள் அம்மா குரல்: நீங்க யாருங்க, எந்த ஊரு, என் பொண்ணுகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு?

எனக்கு அவ்வளவு சந்தோஷம். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.