டர்னரின் நிலவொளி: எண்ணெய் வண்ணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் டைன் ஆற்றுத் துறைமுகத்தில் இரவில் கரி ஏற்றுவதை ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்த 1835-ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுக்கிறேன். மூலம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எனக்கு இணையப் படம்தான்.

இடப்பக்கம் பாய்மரக் கப்பல்கள் வெள்ளி ஒளியில் கரைகின்றன. வலப்பக்கம் தீவட்டி வெளிச்சத்தில் தொழிலாளர்கள் படகிலிருந்து கப்பலுக்குக் கரியை வாரிப் போடுகிறார்கள். நடுவே நிலா தண்ணீரில் பளீரென்று இறங்குகிறது. கறுப்பெல்லாம் கப்பல்களிலும் ஆட்களிலும்தான். வானம் பாதிப் பகல் மாதிரி! அதுதான் பிடித்தது, படுத்துவதும் அதுதான்.

நீல வானமும் தீவட்டியின் ஆரஞ்சும் சேரும் புகைப்பகுதி என் கையில் சேறாகிவிடுகிறது. அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்தபின் ஆரஞ்சை மெல்லிசாக ஏற்றலாமா, ஈரத்திலேயே ஓரத்தைக் குழைக்க வேண்டுமா?

அப்புறம், நிலாவுக்கு டைட்டானியம் வெள்ளை ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கிறது. அந்தக் காலத்து ஈய வெள்ளை நச்சு. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் வேண்டாம். துத்தநாக வெள்ளையைத் தடிமனாகப் போட்டால் நாளடைவில் விரிசல் விடும் என்கிறார்கள். டைட்டானியத்திலேயே துளி மஞ்சள் காவி கலந்தால் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் நல்லது.