லப்டொப் ஸ்கிரீன் வெடிச்சிட்டுது: மாத்துறதோ, விடுறதோ? (அவசரம்)

சுன்னாகம்_மழை | வெள்ளி இரவு 9.14
வணக்கம். லப்டொப் ஸ்கிரீன் உடைஞ்சிட்டுது. ரவுணுக்க ஒரு கடையில கேட்டன், 34,000 வரும் எண்டு சொல்லினம். இவ்வளவு காசு குடுத்து மாத்துறது சரியோ, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் போட்டு வேற ஒண்டு எடுக்கிறதோ? திங்கக்கிழமை காலமை கம்பசில ரிப்போட் குடுக்கவேணும். கெதியா ஆராவது சொல்லுங்கோ.

கேபிள்_கந்தர் | 9.20
தம்பி, ஸ்கிரீனா இருக்காது. உள்ளுக்க மூடிப் பிணைச்சலுக்குள்ளால ஒரு மெல்லிய கேபிள் போகுது, திறந்து மூடித் திறந்து மூடி அது அறுந்திருக்கும். கேபிள் மாத்தினாச் சரி. கடைக்காரர் ஸ்கிரீன் விக்கத்தான் பாப்பினம்.

ஒடியல் | 9.26
மொடல் என்ன? எத்தினை வருசம் பாவிச்சது? என்னெண்டு உடைஞ்சது? இப்ப ஏதும் தெரியுதோ, முழுக்கக் கறுப்போ?

பழைய_பென்ரியம் | 9.41
34,000 எண்டதை மட்டும் வடிவா ஞாபகம் வைச்சிருக்கிறியள், எந்த லப்டொப் எண்டு ஒரு சொல் இல்லை. டொக்டரிட்டப் போய் "நோகுது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு மருந்துத் துண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு. 15.6 இஞ்சியோ 14 ஓ, 1366 தர 768 ஓ 1920 தர 1080 ஓ, ரச் இருக்கோ, பின்னுக்குக் கொழுவுற இடத்தில 30 பின்னோ 40 பின்னோ. இதெல்லாம் தெரியாமல் ஒருத்தரும் விலை சொல்லேலாது. கடைக்காரரும் கழட்டிப் பாக்காமல் சொன்னவர் எண்டால் அது குத்துமதிப்பு. இதை எத்தினை தரம் இஞ்ச எழுதிறது?

சுன்னாகம்_மழை | 10.02
மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அவசரத்தில எழுதிப்போட்டன். 15.6 இஞ்சி, ஐ5, ரச் இல்லை. 2019 இல மாமா எடுத்துத் தந்தவர். அடியில ஒட்டியிருந்த ஸ்ரிக்கர் அழிஞ்சுபோச்சு, மொடல் தெரியேல்ல. விழுத்தேல்ல. மேசையில வைச்சுத் திறந்தனான், டக் எண்டு ஒரு சத்தம், இடப்பக்கக் கீழ் மூலையில இருந்து மேல மட்டும் ஒரு கீறல். மூலையில மை ஊத்தின மாதிரிக் கறுப்பு. பின்னேரம் ஒரு ரூவாய்க் குத்தி அளவு, இப்ப உள்ளங்கை அளவு. வலப்பக்கம் நல்லாத் தெரியுது.
நான் தம்பி இல்லை, தங்கச்சி.

கேபிள்_கந்தர் | 10.05
கோடு விழுந்தா கேபிள்தான்.

ஒடியல் | 10.11
கந்தரண்ணை, மை மாதிரிப் பரவுது எண்டு பிள்ளை சொல்லுது. கண்ணாடி வெடிச்சு உள்ளுக்க இருக்கிற திரவம் கசியுது, அதுக்குக் கேபிள் என்ன செய்யும்?
தங்கச்சி, ஸ்கிரீனைப் பேந்து பாப்பம், முதல் ரிப்போட். வீட்டு ரீவியில எச்.டி.எம்.ஐ இருக்கும், அந்த வயரைக் கொழுவுங்கோ. தானா வராட்டி வின்டோஸ் பட்டனோட பி எழுத்தை அமத்துங்கோ. வாற பெட்டி வலப்பக்கம்தான் வரும், உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியுது. கடைசித் தெரிவைக் குடுத்தா ரீவியில மட்டும் காட்டும். கரண்ட் போனா ரீவி நிண்டிடும், லப்டொப் பற்றறியில ஓடும். அதால அடிக்கடி சேவ் பண்ணுங்கோ. பென்ரைவிலயும் ஒரு கொப்பி.

ஈஸ்ற்ஹாம்_குளிர் | 10.30
34,000 எண்டா நூறு பவுணும் வராது. இஞ்ச இதுக்கெல்லாம் ஆரும் மினக்கெடுறதில்லை, எறிஞ்சிட்டுப் புதுசு எடுக்கிறதுதான். 2019 லப்டொப்பை இன்னும் கட்டி அழுதுகொண்டு.

நெல்லியடி_750 | 10.38
அண்ணை, நூறு பவுண் உங்களுக்கு. இஞ்ச ஒரு பிள்ளையின்ர போடிங் காசு அது.

ஈஸ்ற்ஹாம்_குளிர் | 10.44
ஆராவது வரேக்க இஞ்ச இருந்து ஒண்டு குடுத்துவிடச் சொல்லலாம்தானே. வெளியில இல்லாத சொந்தக்காரர் ஆருக்கு?

நெல்லியடி_750 | 10.52
அப்பிடித்தான் எங்கட சின்னம்மா பாரிசில இருந்து ஒண்டு கொண்டுவந்தவ. ஏ இருக்கவேண்டிய இடத்தில கியூ. இலக்கம் அடிக்கவும் ஷிஃப்ற் அமத்தவேணும். மூண்டு மாதமா என்ர பேரைப் பிழையா அடிச்சனான். சார்ஜர் தலையும் இஞ்சத்தை ஓட்டைக்குப் போகாது.

ஈஸ்ற்ஹாம்_குளிர் | 10.57
அது பிரான்ஸ். லண்டன் பிளக் யாழ்ப்பாணத்துப் புது மூண்டு பின் ஓட்டைக்குள்ள அப்பிடியே போகும்.

நெல்லியடி_750 | 11.01
எங்கட வீட்டில இன்னும் பழைய குண்டுப் பின் ஓட்டை.

ஒடியல் | 11.03
ரெண்டு பேரும் பிளக்குக்குத் தனி இழை துவங்குங்கோ.

பழைய_பென்ரியம் | 11.20
ஒருத்தரும் கேக்காத கேள்வியை நான் கேக்கிறன். விழுத்தாமல், திறக்கேக்க "டக்" எண்டு வெடிச்சது எண்டு எழுதியிருக்கிறா. பிணைச்சல் இறுக்கமா இருந்ததோ? கீழ் மூடி இடப்பக்கம் பிளந்து நிக்குதோ?

சுன்னாகம்_மழை | 11.34
ஓம், அது போன வருசத்தில இருந்தே. திறக்கேக்க விரிசல் வாய் திறக்கும். சுப்பர் குளூ போட்டனான். அதுக்கும் ஸ்கிரீனுக்கும் தொடர்போ?

பழைய_பென்ரியம் | சனி காலை 6.48
தொடர்போவாம். அதுதான் காரணமே.
அந்த இரும்புப் பிணைச்சல், பிளாஸ்ரிக்குக்குள்ள புதைச்சு வைச்ச சின்னப் பித்தளை நட்டுகளிலதான் ஸ்குறூ போட்டு நிக்கிறது. நாள் போகப் போகப் பிணைச்சல் இறுகும், பிளாஸ்ரிக் காயும். ஒரு நாள் நட்டு பிளாஸ்ரிக்கைப் பேத்துக்கொண்டு வந்திடும். அதுக்குப் பிறகு நீங்கள் மூடியைத் தூக்கினா பிணைச்சல் சுழலாது, பிடிச்ச பிடியில நிண்டு மூடியை முறுக்கும். அந்தப் பலம் முழுக்க ஸ்கிரீன்ர கீழ் மூலைக்குப் போகும். உங்கட கீறல் துவங்கின இடத்தைப் பாருங்கோ.
பிணைச்சலைத் திருத்தாமல் 34,000 க்கு ஸ்கிரீன் போட்டா, அடுத்த ஸ்கிரீனும் அதே மூலையிலதான் வெடிக்கும். குளூ போட்டதால அந்தப் பக்கம் கழட்டவும் கஷ்டம். கடையில முதலே சொல்லுங்கோ, இல்லாட்டி கழட்டேக்க இன்னும் உடையும்.
புரொசெசர் இலக்கம் என்ன? ஐ5 எண்டு சொன்னா ஒண்டும் விளங்காது.

சுன்னாகம்_மழை | 8.15
ரீவி வேலை செய்யுது!! ஒடியல் அண்ணைக்கு நன்றி. ஐ5-8265யூ எண்டு காட்டுது. எஸ்.எஸ்.டி போன வருசம் போட்டது, றாம் 8.

பழைய_பென்ரியம் | 8.31
எட்டாம் தலைமுறை. அப்ப திருத்தலாம். வின்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ற் 2025 ஒக்ரோபர் 14 ஓட ஆதரவை நிப்பாட்டிப்போட்டுது. 11 ஐ ஏற்கிற இன்ரெல் புரொசெசர் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில இருந்துதான். ஏழாக இருந்தா "காசைக் கரியாக்காதேங்கோ" எண்டு சொல்லியிருப்பன். என்ர கணக்கு, ஸ்கிரீனும் பிணைச்சலும் சேத்து, இதே மாதிரிப் பழசு ஒண்டு விக்கிற விலையில பாதிக்குள்ள வந்தா செய்யிறது. தாண்டினா, ஒரு பழைய மொனிற்றரைக் கொழுவி மேசையில வைச்சுப் பாவிக்கிறது.

நெல்லியடி_750 | 9.05
கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில ஸ்கிரீன் பனல் மட்டும் எடுத்தா மலிவு. ஆராவது இரவு பஸ்ஸில கொண்டுவந்தாச் சரி.

ஒடியல் | 9.12
400 கிலோமீற்றர் பஸ்ஸில கண்ணாடி. எனக்கு ஒருக்கா வந்தது. பெட்டியைத் திறக்கேக்கயே கிலுகிலு எண்டு சத்தம். இஞ்சயே எடுங்கோ, போட்டு முன்னாலயே ஓன் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. "ஒரிஜினல்" எண்டு கூடக் கேட்டா நம்பாதேங்கோ. கனக்க லப்டொப் கொம்பனியள் தாங்களாப் பனல் செய்யிறதில்லை. பி.ஓ.ஈ, இனோலக்ஸ், ஏ.யூ.ஓ, எல்.ஜி எண்டு வேற ஆக்கள்தான் செய்து குடுக்கிறது.

சுன்னாகம்_மழை | 11.50
கம்பஸ் பெடியன் ஒருத்தன் ஒரு மென்பொருள் போட்டுப் பாத்தவன். பனல் இலக்கம் என்.ரி.156 டபிள்யூ.எச்.எம். உதை எடுத்திட்டு 1920 போடலாமோ? எப்பிடியும் காசு குடுக்கிறது, வடிவானதாப் போடுவம் எண்டு பாக்கிறன்.

ஒடியல் | 12.04
பி.ஓ.ஈ பனல். டபிள்யூ.எச்.எம் எண்டா 1366 தர 768. எஃப்.எச்.எம் எண்டு இருக்கிறதுதான் 1920. ரெண்டுமே 30 பின்னில கிடைக்கும், கொழுவவும் கொழுவுபடும். ஆனா 1366 க்கு ஒரு சோடித் தடத்தில படம் போனாக் காணும், 1920 க்கு ரெண்டு சோடி வேணும். சில லப்டொப்பில ரெண்டாவது சோடிக்கு வயரே ஓடியிருக்காது. அப்ப கேபிளும் மாத்தவேணும்.

கேபிள்_கந்தர் | 12.06
நான் முதலே சொன்னனான்.

பழைய_பென்ரியம் | 12.15
நிண்டுபோன மணிக்கூடும் நாளுக்கு ரெண்டு தரம் சரியாக் காட்டும். தங்கச்சி, ஆர் கழட்டினாலும் முதல் பற்றறியைக் கழட்டிப்போட்டுத்தான் ஸ்கிரீன் கேபிளில கை வைக்கவேணும். இல்லாட்டி மதர்போட்டில இருக்கிற பின்வெளிச்சத்துக்கான பியூஸ் போகக்கூடும். பிறகு புது ஸ்கிரீனும் இருட்டு. ரோச் அடிச்சுத்தான் படம் பாக்கவேணும்.

சுன்னாகம்_மழை | செவ்வாய் மாலை 5.40
ரிப்போட் குடுத்தாச்சு. ரெண்டு நாள் நாடகம் பாக்க விடேல்ல எண்டு அம்மம்மா இன்னும் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. லப்டொப்பை வேற கடையில குடுத்தனான், கழட்டிப் பாத்துத்தான் விலை சொன்னவை. அதே 1366 பனல், பிணைச்சலும் சேத்து 27,500. எல்லாருக்கும் நன்றி.

நெல்லியடி_750 | 5.52
எந்தக் கடை?

கேபிள்_கந்தர் | 6.10
கேபிளையும் ஒருக்காப் பாக்கச் சொன்னனீங்களோ பிள்ளை?

நெல்லியடி_750 | அடுத்த வியாழன் 8.20
தங்கச்சி, கடை?