ஓசூர் சாலையில் லாரிக்கு முன்னால் பிரேக் போட்டேன்: என் தவறு எவ்வளவு பெரியது?

கேள்வி கேட்டவர்: ஹெப்பகோடிவாசி

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை மாலை மனைவியையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து தர்மபுரிக்குக் காரில் புறப்பட்டேன். சந்தாபுரத்தைத் தாண்டியதும், பாரம் ஏற்றிய லாரி ஒன்று வலது தடத்திலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பலமுறை ஹாரன் அடித்தும், முகப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தும் வழி கிடைக்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் இடப்பக்கமாக முந்திச் சென்று, அதற்கு நேர் முன்னால் காரைக் கொண்டுவந்து, அவருக்குப் பாடம் கற்பிக்கும் எண்ணத்தோடு பிரேக்கை மிதித்தேன். பின்னால் டயர்கள் கிறீச்சிட்டன. உள்கண்ணாடி முழுவதும் லாரியின் முகப்பு மட்டுமே தெரிந்தது. நல்லவேளையாக மோதவில்லை.

அதன்பின் அந்த லாரி எங்களை விடாமல் ஒட்டியே வந்தது. அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரிசையில் ஓட்டுநர் ஜாக்கி லீவரோடு இறங்கி வந்தார். நானும் கதவைத் திறந்து இறங்கினேன். இருவரும் ஒருவரையொருவர் தமிழிலேயே ஏசிக்கொண்டோம். அங்கிருந்தவர்கள் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்கள். என் மகள் அன்றிரவு தூங்கவில்லை. லாரிக்காரர்கள் வேண்டுமென்றேதான் வழி மறிக்கிறார்களா? லீவரைக் காட்டி மிரட்டியதற்கு நான் புகார் கொடுக்கலாமா?

பதில்: பழைய ஓட்டுநர்

தம்பி, நாமக்கல்லில் தொடங்கி 26 ஆண்டுகள் லாரி ஓட்டியவன் நான். இப்போது பீனியாவில் மகனோடு இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: லீவரை எடுத்துக்கொண்டு இறங்கியவரை நான் ஆதரிக்கவில்லை. பின்னால் ஒட்டி வந்தது அதைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் அந்த இடைவெளியில் நீங்கள் உண்மையாகவே பிரேக் போட நேர்ந்திருந்தால் அவரால் நிறுத்தியிருக்க முடியாது.

ஆனால் வலது தடத்தில் அவர் ஏன் போனார் என்று யோசித்துப் பாருங்கள். ஓசூர் சாலையின் இடது ஓரத்தில் பேருந்து நிற்கும், ஆட்டோ திரும்பும், எதிர்த்திசையில் இருசக்கர வாகனம் வரும். ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் குறைத்தால், மறுபடி கியர் ஏற்றி வண்டியை ஓட்டத்துக்குக் கொண்டுவர வெகுநேரமாகும். கிளீனர் வைத்துக்கொள்ளக் கூலி கட்டுப்படியாகாமல் பலர் இன்று தனியாகத்தான் ஓட்டுகிறார்கள். இடப்பக்கம் பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் அந்தப் பக்கம் ஒதுங்கவே அஞ்சுவார்கள். நீங்கள் முந்தியதும் அதே பக்கத்தில்தான்.

இனி பிரேக்குக்கு வருகிறேன். இரண்டு அச்சு லாரி பாரத்தோடு சேர்ந்து 18.5 டன் வரை இருக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 2018இல்தான் அந்த வரம்பு உயர்த்தப்பட்டது. உங்கள் கார் பெரும்பாலும் ஒன்றரை டன்னுக்குள்தான் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்குப் பதினேழு மீட்டர் கடக்கிறது; ஓட்டுநரின் கால் பிரேக்கில் அழுந்துவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். லாரியில் இருப்பது காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக். அடுத்தடுத்து மிதித்தால் டேங்கில் காற்று குறையும், டேஷ்போர்டு முள் இறங்கும், மிதிக்கும் காலுக்கே அது தெரியும். ஒருமுறை கட்டடக் கம்பி ஏற்றிக்கொண்டு வந்தபோது எனக்கு முன்னால் ஒரு கார் இப்படித்தான் நின்றது. நான் முழுப் பலத்தோடு மிதித்தேன். வண்டி நின்றது, கம்பி நிற்கவில்லை. கேபினின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு கம்பிகள் கிளீனர் இருக்கைக்கு மேலே ஒரு முழம் நீண்டிருந்தன. அந்தப் பையன் அப்போது என் பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான், அதனால்தான் பிழைத்தான். காரில் இருந்தவர் இறங்கி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

நகருக்குள் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், மணிக்கணக்கில் ஓரத்தில் காத்துக் கிடந்துவிட்டுத்தான் பலர் கிளம்புகிறார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் ஆண்டே நாளுக்கு எட்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் நான் ஓட்டிய நாட்கள் மிகக் குறைவு.

பதில்: வழக்கறிஞர், சிவாஜிநகர்

புகார் கொடுக்கலாம். மிரட்டலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும், வழியை மறித்திருந்தால் 126ஆம் பிரிவும் பொருந்தும். ஆனால் நீங்கள் பிரேக் போட்டதும் அதே விசாரணைக்குள் வரும் என்பதை மனத்தில் வையுங்கள். பாதுகாப்புக்குத் தேவையில்லாமல் திடீரென பிரேக் போடக்கூடாது என்பது 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது. பொதுவழியில் பிறருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டுவது அதே சன்ஹிதாவின் 281ஆம் பிரிவுக் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டினால் முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இனி யாராவது துரத்தினால் காரை விட்டு இறங்காதீர்கள். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைப் பூட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை 112 என்ற அவசர எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

பதில்: பொம்மனஹள்ளி அம்மா

என் கணவரும் இதே சாலையில் ஒரு டிப்பரோடு போட்டி போட்டவர்தான். லாரிக்காரர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் ஏற்கமாட்டேன். அந்த டிப்பர் எங்களை வேண்டுமென்றே நடுத்திட்டுப் பக்கம் நெருக்கியது. நான் கணவரிடம் நியாயம் பேசவில்லை. "பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது" என்றேன். பத்து நிமிடம் நின்றோம். டிப்பர் அதற்குள் எங்கோ போய்விட்டது. உங்கள் மனைவியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஹெப்பகோடிவாசி

அனைவருக்கும் நன்றி. புகார் கொடுக்கப் போவதில்லை. கம்பியைப் பற்றிப் படித்தபின், அந்த லாரியில் தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, முந்தும்போது லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய ஓட்டுநர்

அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், தம்பி. தெரியாவிட்டால் நீங்கள் அவர் கண்ணில் படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, லாரிகள் நிற்கும் டீக்கடை ஒன்றில் உங்கள் காரை ஒரு லாரியின் கேபினுக்கு இடப்பக்கமாக ஒட்டி நிறுத்திவிட்டு, அந்த ஓட்டுநரிடம் கேட்டு அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.